புது லைசென்ஸ், பெரிய பைக்: பவரைக் குறைத்து ஓட்டலாமா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 18 வயது முடிந்து, போன மாதம்தான் லைசென்ஸ் வந்தது. கல்லலிலிருந்து தினமும் காரைக்குடி காலேஜுக்குப் போய்வருகிறான். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, மருமகனுக்கு 390 டியூக் வாங்கிக் கொடுத்தே தீருவேன் என்று நிற்கிறான். அதே வாயால், "இங்கே புதுசா லைசென்ஸ் எடுத்தவனை 200 சி.சி.க்கு மேல் தொடவிட மாட்டான்" என்றும் சொல்கிறான். நம் ஊரில் அப்படிச் சட்டம் உண்டா? தெரிந்த மெக்கானிக் ஒருவர், "வண்டியை வாங்குங்க, பவரைக் குறைச்சுத் தர்றேன்" என்கிறார். செய்யலாமா? சின்னவனுக்கு 16 வயது. அண்ணன் வண்டியை அவனும் எடுத்துவிடுவானோ என்ற பயம் வேறு.
– ஒரு தாய், கல்லல்

பதில்: இல்லைங்கம்மா, நம் நாட்டில் அப்படிச் சட்டம் கிடையாது. இருசக்கர வண்டிக்கு நம் லைசென்ஸில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்ற இரண்டு பிரிவுதான். கியர் வண்டிக்கு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் மறுநாளே ஸ்பிளெண்டரும் ஓட்டலாம், 1,340 சி.சி. ஹயபூசாவும் ஓட்டலாம். 'எல்' போர்டு இருந்தவரை கொஞ்சம் கட்டுப்பாடு இருந்தது. அதைக் கழற்றியதோடு அதுவும் போயிற்று.

உங்கள் தம்பி சொல்வது சரி. சிங்கப்பூரில் முதலில் 2பி லைசென்ஸ், 200 சி.சி. வரை. ஓராண்டு கழித்துத் தேர்வில் தேறினால் 2ஏ, 400 சி.சி. வரை. அதற்கும் ஓராண்டு கழித்துத்தான் அதற்கு மேல். ஆனால் சி.சி.யை மட்டும் வைத்து அளக்கும் அந்த முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. டியூக் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 199.5 சி.சி., சுமார் 25 ஹெச்.பி., எடை 160 கிலோவை ஒட்டி. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 20 ஹெச்.பி., எடை 195 கிலோ. நூறு கிலோ எடைக்கு எத்தனை ஹெச்.பி. என்று வகுத்துப் பாருங்கள்: டியூக்கில் ஏறத்தாழ 16, கிளாசிக்கில் 10. சி.சி. குறைந்த வண்டிதான் கையில் அதிகம் சீறும். ஸ்பிளெண்டருக்கு இந்தக் கணக்கு 7. தம்பி வாங்கித் தருவதாகச் சொல்லும் 390-க்கு 26, 27.

பிரிட்டனும் ஐரோப்பாவும் இந்தக் கணக்கைத்தான் சட்டமாக்கியிருக்கின்றன. 2013 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி முதல் படி ஏ1: 125 சி.சி., 11 கிலோவாட், அதாவது 15 ஹெச்.பி. அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.1 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. அடுத்தது ஏ2: 35 கிலோவாட், கிலோவுக்கு 0.2. பிரிட்டனில் ஏ2-வுக்கு 19 வயதாக வேண்டும். நம் சென்னைப் பக்கம் தயாராகும் இன்டர்செப்டர் 650-இன் 47 ஹெச்.பி. அந்த 35 கிலோவாட் வரம்பின் விளிம்பில் வந்து நிற்கிறது. 390 டியூக்கும் ஏ2-வுக்குள் அடங்கும் வண்டிதான். ஆக, லண்டனில் 18 வயதுப் பையன் தொட முடியாத இந்த இரண்டையும் கல்லலில் 18 வயதுப் பையன் ஷோரூமிலிருந்து நேரே ஓட்டிக்கொண்டு வரலாம்.

இனி மெக்கானிக் விஷயம். பவரைக் குறைக்க வழிகள் உண்டு. ஆக்சிலேட்டர் முழுதாகத் திறக்காதபடி தடுப்பு வைப்பார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் என்ஜினுக்குள் போகும் வழியில் துளை சிறுத்த வாஷர் செருகுவார்கள். இப்போதைய வண்டியில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் புரோகிராமை மாற்றுவார்கள். பிரிட்டனில் இதைச் செய்து, சான்று வாங்கி, இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்து ஓட்டுகிறார்கள். இங்கே அந்தச் சான்றைக் கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 390 டியூக்கில் ஆக்சிலேட்டர் கேபிளே கிடையாது. கைப்பிடித் திருகலைச் சென்சார் படித்து ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. அதில் கைவைத்தால் வாரன்டி போகும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். இவ்வளவும் செய்து மாட்டியதைப் பையனின் சிநேகிதன் ஒரு சாயங்காலத்தில் கழற்றிவிடுவான். வேண்டாம்.

கம்பெனியே பவரைக் குறைத்துத் தரும் வண்டிகள் இருக்கின்றன. ஓசூர் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200-ல் ஸ்போர்ட் மோடில் 20.8 ஹெச்.பி., அர்பன், ரெயின் மோடுகளில் 17.3. இது முழுக்கச் சட்டபூர்வம். என்ன, மோடை மாற்றும் பட்டன் பையனின் கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

என் யோசனை: ஷோரூமில் ஹெச்.பி.யையும் எடையையும் கேட்டு வகுத்துப் பாருங்கள். நூறு கிலோவுக்கு 13-ஐ, அதாவது ஏ1 வரம்பை ஒட்டிய அளவை, தாண்டினால் முதல் வண்டியாக அது வேண்டாம். 150, 160 சி.சி. வண்டிகளில் பல இந்தக் கணக்குக்குள் அடங்கும். 125-க்கோ அதற்கும் கீழேயோ போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் பிரேக். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், 125-க்கும் அதற்குக் கீழும் இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். போதும் என்று அப்போது விட்டார்கள். கண்மாய்க்கரை வளைவில் ஆடு குறுக்கே வந்தாலும், ரோட்டில் காயப்போட்ட நெல்லின்மேல் பிரேக் பிடிக்க நேர்ந்தாலும் அந்த ஏ.பி.எஸ்.தான் முன்சக்கரம் பூட்டாமல் காக்கும். முதல் ஆறு மாதம் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, இருட்டியபின் மெயின் ரோடு கூடாது என்று வீட்டுச் சட்டம் போடுங்கள். அரசாங்கம் போடவில்லை, நீங்கள் போடலாம்.

சின்னவன் விஷயத்தில்தான் சட்டம் கடுமையாக இருக்கிறது. 16 வயதில் 50 சி.சி. வரைதான் ஓட்டலாம், அதுவும் லைசென்ஸோடு. அப்படிப்பட்ட வண்டி இப்போது ஷோரூமில் இல்லவே இல்லை, எக்ஸ்.எல். 100 கூட 99.7 சி.சி. அண்ணன் வண்டியை அவன் எடுத்துப் பிடிபட்டால் 199ஏ பிரிவின்கீழ் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. எனவே வண்டிச் சாவி இரண்டும் ராத்திரி உங்கள் பீரோவில் இருக்கட்டும். தம்பியிடம், 390-க்கான பணத்தில் ஒரு 160-ம் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள். பெரிய வண்டியை மருமகனின் 21-ஆம் வயதில் பேசிக்கொள்ளலாம்.