ஏரிக்கரையில் கூடாரவாசம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் சிகரங்களின் அடிவாரத்தில், ஏறக்குறைய 2,070 மீட்டர் உயரத்தில் விளங்கும் ஜென்னி ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கி, மறுநாள் காஸ்கேட் பள்ளத்தாக்கின் மலைப்பாதையில் நடக்க எண்ணுவோர், முதலில் கரடிகளை மனத்தில் கொள்ள வேண்டும். உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, சமைத்த பாத்திரம் முதலான வாசனையுள்ள வஸ்துக்கள் யாவற்றையும், உபயோகிக்காத வேளைகளில் கூடாரத்துக்குள் வையாமல், அதற்கென்றே உள்ள இரும்புப் பெட்டியில் இட்டுத் தாழிடுவது அவசியம். மனிதரின் உணவை ருசி கண்ட கரடி மீண்டும் மீண்டும் ஜனங்களை நாடி வந்து, இறுதியில் தன் பிராணனையே இழக்க நேர்வதுண்டாகையால், இது நமது க்ஷேமத்துக்காக மட்டுமன்றி, அந்த ஜீவனின் பொருட்டும் நாம் ஆற்ற வேண்டிய தர்மமாகும்.

ஏரிநீர் எவ்வளவு நிர்மலமாகத் தோன்றினும் கிருமிகள் இருக்கக்கூடும். 2,000 மீட்டருக்கு மேல் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுவதால், சமவெளியில் போதுமான 1 நிமிஷம் இங்கே போதாது, 3 நிமிஷம் கொதிக்கவிட்டே பருகுங்கள். கோடைகாலப் பிற்பகல்களில் திடீரென்று இடியும் மின்னலும் மூள்வது இம்மலைகளின் சுபாவம். ஆகவே பொழுது புலர்ந்ததும் புறப்பட்டு, நண்பகலுக்குள் உயரங்களைவிட்டு இறங்கிவிடுங்கள்.