உடைந்த பல்லும் ஒட்டும் பிசினும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழ் கற்பிக்கும் நாம் இதனை வெறும் பழமொழியாகக் கொள்வதில்லை. தகரத்தையும் நகரத்தையும் ஒலிக்கும்போது நா மேற்பல்லின் அடியைப் பொருந்துகின்றது. மேற்பல்லும் கீழுதடும் இயைந்து வகரம் பிறப்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறிவிட்டார். ஆயினும் எமது வகுப்புகளில் நாம் காணும் குறை வேறு. முன்பல்லின் முனை உடைந்த பிள்ளைக்கு ஒலிப்புப் பெரிதும் கெடுவதில்லை. வாய் திறக்கவே மனம் வருவதில்லை. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுப்பதும், கையால் வாயை மறைத்தவாறு விடை சொல்வதும் இதனாலேதான். பெற்றோர் சிலர் இதனை "அழகு பார்க்கும் வயது" என்று ஒதுக்கிவிடுகின்றனர். அது அவ்வளவு சிறிய விடயமன்று என்பது எமது துணிபு.

இக்குறையைப் போக்கப் பல்வைத்தியர்கள் இன்று பெரிதும் கையாளும் முறைக்குக் 'கொம்போசிற் பொண்டிங்' என்று பெயர். பல்லின் நிறமுடைய பிசின் ஒன்றைப் பல்லோடு பிணைத்து, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருவதே இது. இதனை விளங்கிக்கொள்ளப் பல்லின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது மிளிரி. எனாமல் என்பதும் இதுவே. எமது உடலிலுள்ள யாவற்றினும் கடினமானது இது. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனிப்பொருளாலானது. ஆனால் அதில் உயிருள்ள கலங்கள் இல்லை. முறிந்த எலும்பு பொருந்தும், கீறிய தோல் ஆறும். உடைந்த மிளிரி மீண்டும் வளராது. மிளிரியின் உள்ளே பன்முதலும், அதனுள்ளே நரம்பும் குருதிக்குழாய்களும் கொண்ட மச்சையும் உள்ளன.

முற்காலத்தில் பல்லை அடைக்க உதவிய இரசக்கலவை பல்லோடு ஒட்டுவதில்லை. அது விழாதிருக்க, வாய் குறுகி அடி அகன்ற குழியாகப் பல்லைக் குடைய வேண்டியிருந்தது. சிறிய பழுதுக்காக நல்ல பல்லும் சேர்ந்து பலியாயிற்று. முன்பல்லின் உடைந்த முனைக்கோ அம்முறை உதவவே இல்லை.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிற் பணியாற்றிய மைக்கல் புவோனோகோர் என்பவர் இதற்கு வழி கண்டார். உலோகத்துக்கு வண்ணம் பூசுமுன் பொசுபோரிக் அமிலத்தால் அதன் மேற்பரப்பைப் பதப்படுத்துவது தொழிற்சாலைகளில் வழக்கமாயிருந்தது. அதனையே பல்லிற் செய்தாலென்ன என்று அவர் சிந்தித்தார். 85 சதவீத அமிலத்தை 30 செக்கன்கள் மிளிரியில் இட்டுக் கழுவியபின் பிசின் உறுதியாகப் பற்றிக்கொண்டது. ஊரிற் பழைய சுவருக்குச் சாந்து பூசுமுன் மேசன் அதனைக் கொத்திவிடுவதை எண்ணிப் பாருங்கள். அமிலமும் அதனையே செய்கின்றது. ஆனால் அதன் கொத்து கண்ணுக்குத் தெரியாதளவு நுண்ணியது. அந்நுண்துளைகளுட் பிசின் புகுந்து இறுகி, ஆயிரமாயிரம் விரல்களாற் பிடித்துக்கொள்கின்றது. அடுத்து, ரபாயல் போவன் என்ற அறிஞர், கண்ணாடி போன்ற சிலிக்காத் துகள்களைக் கலந்த வலிய பிசினை உருவாக்கி, 1962இல் அதற்கு உரிமப் பத்திரம் பெற்றார். பல்வைத்தியரல்லாத தொழிற்சாலைப் பழக்கம் ஒன்று பல்வைத்தியத்தையே மாற்றியமை விஞ்ஞானம் பயிலும் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

இன்றைய செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். பல்லின் நிறத்தை முதலிலேயே தேர்ந்துகொள்வர். உலர்ந்த பல் இயல்பினும் வெண்மையாகத் தோன்றி ஏமாற்றிவிடும். பின்னர் பல்லை உலரவைத்து, 37 சதவீதமளவான அமிலப் பசையை ஏறத்தாழ 15 முதல் 30 செக்கன்கள் இட்டுக் கழுவுவர். பிணைப்புத் திரவம் தடவியபின் பிசினைப் படையாகப் படையாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் இறுகச் செய்வர். இறுகும்போது பிசின் சற்றுச் சுருங்கும். ஒளியும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்கே நன்கு செல்லும். ஒரேயடியாக அப்பிவிடாதது இதனாலேதான். இறுதியில் தீட்டி மினுக்குவர். பெரும்பாலும் விறைப்பூசியும் வேண்டியதில்லை. ஒரு பல்லுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

முனை உடைந்த பல், பற்களுக்கிடையே சிறு இடைவெளி, பிறப்பிலேயே சிறுத்த பல், கறை ஆகியவற்றுக்கு இம்முறை உகந்தது. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் தமிழ்நாட்டில் தருமபுரிப் பகுதியிலும் நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுந்திருப்பதால், பல் உருவாகும் பருவத்தில் அந்நீரைக் குடித்தோரின் பற்களில் மண்ணிறக் கறை படிந்துள்ளது. துலக்கி அது போகாது. எமது பெற்றோருட் சிலரும் இக்கறையோடு வந்தவர்களே. சோம்பலால் வந்ததென்று அவர்களை எவரும் ஏளனம் செய்தல் தகாது.

பிசின் கல்லன்று. பல ஆண்டுகள் நிலைக்கும். ஆயினும் தேய்வதும் சில்லுப் போவதும் உண்டு. நகம் கடிப்போரும், உறக்கத்திற் பல் நறுநறுப்போரும், போத்தல் மூடியைப் பல்லாற் திறக்கும் வீரர்களும் இதனைக் கவனித்தல் நன்று. தேநீர், கோப்பி, வெற்றிலை, எமது மஞ்சள் சேர்ந்த கறி யாவும் கறையேற்றும். வெண்மையாக்கும் மருந்து பல்லைத்தான் வெளுக்கும், பிசினை வெளுக்காது. ஆகவே இரண்டும் வேண்டுவோர் முதலில் வெளுப்பித்து, இரு கிழமைகளாவது கழிந்தபின்பே பிணைப்புக்குச் செல்ல வேண்டும். முரசு வீக்கத்தையும் சூத்தையையும் மாற்றாமல் மேலே பூசுவது, கறையான் அரித்த கதவுக்கு வண்ணம் அடிப்பது போன்றதாகும்.

இன்னொன்றையும் வற்புறுத்துவோம். இங்கிலாந்திலுள்ள இளைஞர் சிலர் விடுமுறையிற் துருக்கி போன்ற நாடுகளுக்குச் சென்று, பழுதற்ற பற்களைச் சுற்றிலும் அராவி உறை போட்டுவருகின்றனர். அராவிய மிளிரி திரும்ப வராது. அப்பல்லுக்கு ஆயுள் முழுவதும் உறை வேண்டும். பிணைப்பு முறையிலோ நல்ல பல்லை அராவுவது மிகக் குறைவு. பல வேளைகளில் அறவே இல்லை. பதினாறு வயதிற் தீர்மானிக்க வேண்டியிருந்தால், இவ்விரண்டில் எதனைத் தேர்வதென்பதில் எமக்கு ஐயமில்லை.

செலவைப் பொறுத்தவரை, இங்கிலாந்திற் தேசிய சுகாதார சேவை 18 வயதுக்குட்பட்டோரின் பல்வைத்தியத்துக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. விழுந்து உடைந்த பல்லைத் திருத்துவது சிகிச்சையே. அழகுக்காக மட்டும் செய்வது அச்சேவையில் அடங்காது. தனியாரிடம் செல்வோர் அவர் பொதுப் பல்வைத்திய மன்றத்தின் பதிவேட்டில் உள்ளவரா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

விளையாட்டு மைதானத்திற் பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுங்கள். அதனை உலரவிடாது பாலிலோ நீரிலோ இட்டு, அன்றைக்கே பல்வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். மேற்கூறிய பிசினாலேயே அத்துண்டைப் பொருத்திவிட முடிவதுண்டு. நிலையான பல் வேரோடு கழன்றால் வேரைத் தொடாது முடியைப் பிடித்துத் தூக்கி, அழுக்கிருந்தால் பாலில் அலசி, உடனே குழியில் வைத்து, துணியொன்றைக் கடிக்கச் செய்யுங்கள். வைக்க முடியாவிடின் பாலில் இடுங்கள். பாற்பல்லாயின் திரும்ப வைத்தலாகாது. எமது பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று முதலுதவிப் பெட்டியோடு ஒரு போத்தல் பாலும் இருக்குமாறு பொறுப்பாசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.