மீனவர் இல்லங்களில் அடுக்களைக் கழிவை நாற்றமின்றி வைத்தலும் எருவாக்கலும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரித் தாலூகாவைச் சேர்ந்த திருப்பாலைவனத்திலிருந்து கிழக்கே பழவேற்காட்டு ஏரி வரையிலும், அதற்கப்பால் கடலோரக் குப்பங்கள் வரையிலும் உள்ள பூமி பெரும்பாலும் மணற்பாங்கானது. மேற்கே நெல் வயல்களும், கிழக்கே செல்லச் செல்லச் சவுக்கும் தென்னையும், இறுதியில் உப்பங்கழியும் காணப்படும். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியதாகிய இவ்வேரியில் கிடைக்கும் இறால், நண்டு, மடவை முதலியன சென்னை வரையில் சென்று விலையாகின்றன. விலையாகாதவை வீட்டு அடுக்களைக்கு வருகின்றன. ஆகையால் இப்பக்கத்துக் குடும்பங்களின் குப்பை மற்ற ஊர்க் குப்பையைப் போன்றதன்று. காய்கறித் தோலும் சோற்றுப் பருக்கையும் எங்கும் உள்ளவையே. இங்கோ அவற்றுடன் மீனின் குடல், செதிள், செவுள், இறால் தலை, நண்டு ஓடு ஆகியவை ஏறக்குறைய நாள்தோறும் சேர்கின்றன.

ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் வண்டி கொண்டுவந்து குப்பையை வாங்கிச் செல்லும் ஏற்பாடு கிராமங்களிலும் பரவியிருக்கிறது. வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வைக்கவேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வற்புறுத்தின. ஆயினும் வண்டி நாள்தோறும் வராத தெருக்களில் ஒரு சங்கடம் உண்டு. காய்கறிக் கழிவு இரண்டு நாள் பொறுக்கும். மீன் கழிவு ஓர் இரவுகூடப் பொறுக்காது. சித்திரை வைகாசி மாதங்களில் காலையில் அரிந்த மீனின் குடல் மாலைக்குள் நாறத் தொடங்குகிறது. நாற்றம் தாளாது அதை ஏரிக்கரையிலோ, வாய்க்காலிலோ, சவுக்குத் தோப்பின் ஓரத்திலோ எறிந்துவிடுகிறார்கள். அதன் பின் நாயும் காக்கையும் ஈயும் வருகின்றன. நாற்றத்தை மட்டும் இதில் தொந்தரவு என்று எண்ணுதல் பிழை. ஈ ஒரு முறைக்குச் சுமார் 100 முட்டைகளிடும். அவை ஒரு நாளைக்குள் பொரிந்து, வெப்பமான பருவத்தில் 7 முதல் 10 நாட்களுக்குள் மீண்டும் ஈக்களாகின்றன. அழுகிய குடலில் உட்கார்ந்த ஈயே அடுத்த வீட்டுக் குழந்தையின் பால் கிண்ணத்திலும் உட்காருகிறது. வயிற்றுப்போக்கு அவ்வழியே பரவுகிறது.

நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று அறிந்தால் அதை அடக்கும் வழியும் தானே விளங்கும். கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்ஸைடு என்னும் வாசனையற்ற வஸ்து ஒன்று உண்டு. உப்பு நீரில் வாழும் பிராணிக்கு உடலின் நீர் சமநிலை கெடாதபடி அது காக்கிறது. ஆற்று மீன்களில் இது மிகவும் சொற்பம். மீன் இறந்தபின் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் இவ்வஸ்துவை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. மீன் கவுச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுவே. மேலும் அழுகினால் நவச்சார நெடியுள்ள அம்மோனியாவும், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடும் எழுகின்றன. இக்கிருமிகளுக்கு வேண்டியவை மூன்று: ஈரம், வெப்பம், நேரம். காற்றுப் புகாத இடமாயின் மிகக் கொடிய நாற்றத்தை உண்டாக்கும் இனங்கள் தழைக்கின்றன. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூலையில் வைத்த கழிவு, திறந்து வைத்ததைக் காட்டிலும் அதிகம் நாறுவது இதனாலேதான்.

கவுச்சியை அடக்கும் வித்தையை இப்பக்கத்துப் பெண்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மீன் சமைத்த சட்டியைப் புளி கொண்டு தேய்ப்பதும், குழம்பிற்குப் புளி சேர்ப்பதும் எதற்காக? டிரைமெத்தில் அமீன் ஒரு காரப் பொருள். புளிப்பு அதனுடன் கூடினால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். ஆவியாகாதது மூக்கை எட்டாது. அதே புளிப்பைக் கழிவுப் பாத்திரத்திலும் பயன்படுத்தலாம். குழம்பிற்குப் பிழிந்த புளிச் சக்கை, பிழிந்த எலுமிச்சை மூடி, புளித்துப்போன மோர், இரண்டு நாளைய நீராகாரம் ஆகிய எதுவும் உதவும். குடலின்மீது ஒரு கரண்டி தெளித்தால் போதும்; கொட்டி ஈரமாக்குதல் கூடாது.

சாம்பலும் சுண்ணாம்பும் இங்கே எதிரிடையானவை. ஈரமான மீன் கழிவின்மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சாம்பல் ஈரத்தை உறிஞ்சுவது மெய்யே. ஆனால் அதுவும் காரமாகையால் அமீனையும் அம்மோனியாவையும் கட்டவிழ்த்து வெளியே விரட்டுகிறது. நெடி முதலில் ஏறும். எருவிற்கு வேண்டிய தழைச்சத்தும் அந்த நெடியோடு காற்றில் போய்விடும். சாம்பலை நேரே செடிக்கு இடுவதே மேல்.

இனி அன்றாடம் செய்யவேண்டியவை. மீன் அரியுமிடத்திலேயே கழிவை இரண்டாகப் பிரிக்கவேண்டும். செதிளும் ஓடும் ஒரு பக்கம். குடலும் செவுளும் மற்றொரு பக்கம். இறால் தலையையும் நண்டு ஓட்டையும் நீர் வடித்து, பழைய வலைத் துண்டின்மேல் பரப்பி, தரையில் படாமல் கழியில் கட்டி, மேலே இன்னொரு வலை மூடி வெயிலில் உலர்த்தினால், நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். கருவாடு கெடாமலிருப்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம்: ஈரமில்லாவிடத்தில் கிருமி பெருகாது. ஆனால் கருவாட்டிற்குப் போலக் கழிவிற்கு உப்பிடலாகாது. உப்பிட்ட கழிவு எருவாகும்போது பயிரைக் கெடுக்கும். ஏற்கெனவே உவர் ஏறிய இந்நிலத்திற்கு அது இரட்டைத் தண்டனை. காய்ந்த ஓட்டை இடித்து வைத்தால் மாதக்கணக்கில் நாறாது. ஓட்டிலுள்ள சுண்ணமும் கைட்டின் என்னும் நார்ப்பொருளும் மண்ணில் மெதுவாகக் கரைகின்றன. கைட்டினைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை ஓரளவு ஒடுக்குவதாகவும் ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். கத்திரி, தக்காளி பயிரிடுவோர் இதைக் கவனிக்கலாம்.

மீன் கழுவிய நீர் சாக்கடைக்குப் போகவேண்டிய பொருளன்று. உப்புச் சேர்க்காமல் கழுவிய முதல் நீரைத் தென்னை, வாழை, முருங்கை, கறிவேப்பிலை இவற்றின் அடியில் ஒரு சாண் ஆழம் கிளறி ஊற்றி மண்ணால் மூடிவிடவேண்டும். நாளுக்கொரு மரமாக மாற்றிக்கொள்ளுதல் நலம். மூடாமல் விட்டால் ஈக்கு விருந்தாகும்.

குடலையும் செவுளையும் வண்டி வரும் வரையில் வைத்திருக்க வேண்டுமாயின் இரண்டு வழிகள் உள்ளன. குளிர்ப்பெட்டியுள்ள வீட்டில் அவற்றைக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள தனி டப்பாவில் உறைபகுதியில் வைத்து வண்டி வரும் காலையில் எடுத்துக் கொடுக்கலாம். மீனை ஐஸில் வைத்துச் சந்தைக்கு அனுப்பும் மக்களுக்கு இதன் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் துளையிட்ட வாளியொன்றைத் தட்டின்மேல் வைத்து, அடியில் நான்கு விரற்கடை கனத்திற்குக் காய்ந்த சவுக்கு இலையோ, நறுக்கிய வைக்கோலோ, தென்னை நாரோ பரப்பி, அதன்மேல் கழிவை வைத்துப் புளிப்பு நீர் தெளித்து, மறுபடியும் இரண்டு மடங்கு காய்ந்த பொருளால் மூடவேண்டும். வாளியின் வாயை மெல்லிய துணியால் கட்டினால் காற்று புகும், ஈ புகாது. தட்டில் வடியும் நீரை அன்றன்றே மரத்தடியில் ஊற்றி மூடவேண்டும். இவ்வாறு செய்தால் இரண்டு நாள் வரையில் நாற்றம் தெருவிற்கு எட்டாது. மூன்றாம் நாளைக்கு வைத்திருத்தல் தகாது. ஈ முட்டையிட்டிருந்தால் புழு நெளியத் தொடங்கிவிடும். வாளியைக் கழுவியபின் வெயிலில் கவிழ்த்துக் காய வைப்பது மிகவும் அவசியம். எவ்வளவு பக்குவம் செய்தாலும் நேற்றைய ஈரம் படிந்த வாளியில் இன்றைய கழிவைப் போட்டால் பிரயோஜனமில்லை.

வண்டிக்குக் கொடுப்பதைக் காட்டிலும் வீட்டிலேயே எருவாக்குவது லாபம். உலர்ந்த மீன் எருவில் நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு வரை தழைச்சத்தும், 3 முதல் 9 பங்கு வரை மணிச்சத்தும் உண்டு. தொழுவெருவிலோ தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. சென்னை மாகாணத்தில் 1907ஆம் ஆண்டில் சர் பிரெடரிக் நிக்கல்ஸன் தலைமையில் மீன்துறை தொடங்கிய காலத்திலேயே, மேற்குக் கரையில் மத்தி மீனிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கையை எருவாக்குவதில் கவனம் செலுத்தப்பட்டது. அத்தகைய சரக்கையே பழவேற்காட்டுக் குடும்பங்கள் நாள்தோறும் நாய்க்கு எறிகின்றன.

குப்பையைக் கம்போஸ்டு ஆக்கும் முறைகளில் இரண்டு நம் நாட்டில் பிரசித்தமானவை. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் 1924 முதல் 1931 வரை நடத்திய சோதனைகளின் பயனாகப் பிறந்தது, கிளறிக் காற்றூட்டும் இந்தூர் முறை. பெங்களூரில் டாக்டர் ஆச்சார்யா 1939ஆம் ஆண்டில் வகுத்தது, குழியில் அடுக்கி மண் பூசி மூடிவிடும் பெங்களூர் முறை. குப்பங்களுக்குக் குழி முறை ஏற்றதன்று. இங்குள்ள மணலில் நன்னீரானது உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. சில அடி தோண்டினாலே நீர் ஊறும். அந்நீரையே பல வீடுகள் எடுக்கின்றன. குழியில் அழுகும் மீனின் சாறு மணலூடே வடிந்து கிணற்றை அடைய அதிக நாள் செல்லாது. ஆகவே தரைக்குமேல் பானையில் செய்வதே இவ்விடத்திற்குப் பொருந்தும். பானையையும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வைக்கவேண்டும்.

இரண்டு மரக்கால் கொள்ளும் மண்பானைகள் மூன்று போதும். பக்கங்களில் விரல் நுழையும் துளைகளிட்டு, துளைகளை உட்புறம் வலைத் துண்டால் மறைத்து, செங்கல்லின்மேல் நிழலில் வைக்கவேண்டும். அடியில் தென்னை மட்டைத் துண்டுகள். அதன்மேல் அன்றன்றைக் கழிவு. ஒவ்வொரு முறையும் கழிவைப்போல் இரண்டு மடங்கு காய்ந்த சருகு. அதன்மேல் ஒரு கைப்பிடி பழைய எரு அல்லது தோட்டத்து மண். மீன் கழிவாயின் சருகு மூன்று மடங்காதல் நலம். மீன் கழிவில் தழைச்சத்து மிகுதி, கரிச்சத்து சொற்பம். சருகிலும் வைக்கோலிலும் இதற்கு மாறு. கரி 25 முதல் 30 பங்கிற்குத் தழைச்சத்து ஒரு பங்காக அமையும்போது கிருமிகள் தழைச்சத்து முழுவதையும் தம் உடலாக்கிக் கொள்கின்றன. அம்மோனியாவாகப் பறக்க மிச்சமிராது. குடலை எப்போதும் பானையின் நடுவில் புதைத்து, மேலே நான்கு விரற்கடை சருகு மூடவேண்டும். நெல் ஆலைகளில் உமி மலிவாகக் கிடைத்தாலும், அது எளிதில் மக்காது. ஈரம் உறிஞ்சச் சிறிது சேர்க்கலாம், அதையே நம்பலாகாது.

மூன்று நாளைக்கொருமுறை கழியால் கிளறிப் பார்க்கவேண்டும். கையிலெடுத்துப் பிழிந்தால் விரல் நனையவேண்டும், நீர் சொட்டக்கூடாது. நவச்சார நெடி வந்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றமாயின் ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்துவிட்டது. கிளறிச் சருகு சேர்க்கவேண்டும். எறும்பு ஏறினால் உலர்ந்துவிட்டதென்று கொண்டு நீர் தெளிக்கலாம். ஒரு பானை நிறைந்தபின் அதை மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்கவேண்டும். முதற்பானை எரு இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் கறுத்து உதிரும். முள்ளும் பெரிய எலும்பும் மிஞ்சினால் சலித்து மறு பானையில் போடலாம்.

வெல்லத்தில் ஊறவைக்கும் மீன் அமிலமும் தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளிடையே நன்கு வழங்குகிறது. உப்புப் படாத மீன் கழிவைச் சிறு துண்டுகளாக்கி, எடைக்கு எடை பொடித்த வெல்லம் கலந்து, பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்படாமல் வைத்து, வாயைத் துணியால் கட்டி நிழலில் 21 முதல் 30 நாள் வரை விடுவர். வெல்லத்தைப் புளிக்கச் செய்யும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கி அழுகலைத் தடுக்கின்றன. நன்கு முதிர்ந்த சரக்கில் கவுச்சி நீங்கிப் பழ வாசனை வீசும். வடிகட்டி 10 லிட்டர் நீருக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் கலந்து பயிரின்மேல் தெளிக்கலாம். மூடியை இறுகத் திருகினால் வாயு சேர்ந்து பாத்திரம் வெடிக்கும். அன்றாடக் கழிவு முழுவதையும் இவ்வாறு செய்வதற்கு வெல்ல விலை இடங்கொடாது. தோட்டமுள்ள குடும்பம் இரண்டு மாதத்திற்கொருமுறை ஒரு கிலோ அளவிற் செய்வதே சிக்கனம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் சருகு நனைந்துவிடும்; அப்போதுதான் பெரும்பாலோர் பானையைக் கைவிடுகின்றனர். புரட்டாசிக்குள் சவுக்கு இலையையும் வைக்கோலையும் இரண்டு மூன்று சாக்குகளில் நிரப்பிக் கூரையின்கீழ் கட்டி வைத்துக்கொள்ளவேண்டும். பானைகளின் மேல் ஓலையோ தகரமோ சாய்வாக வைக்கவேண்டும். அடைமழை நாட்களில் குடலை மட்டும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, காய்கறித் தோலைப் பானையில் இடுவது போதுமானது.