பேசாத சர்வர்

மாணவர்களே, படிவம் 4, 5-இல் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு அட்டவணை, முதன்மைச் சாவி, அயல் சாவி எல்லாம் பழகியிருக்கும். 'செலக்ட்' கட்டளை எழுதி விடை வாங்கவும் தெரிந்திருக்கும். தேர்வுத்தாள் அதோடு நின்றுவிடுகிறது. கட்டளையை வாங்கிக்கொண்ட சர்வர் உள்ளே என்ன செய்கிறது என்று அது கேட்பதில்லை. ஆனால், சர்வர் பழுதாகும் நாளில் முதலில் தேவைப்படுவது அந்த அறிவுதான். 2017-ஆம் ஆண்டு நடந்த ஓர் உண்மைச் சம்பவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குமுன் சர்வரின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

உங்கள் தாமானில் உள்ள மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். மாலை நேரக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அந்தப் பேரேட்டைத் திறந்து பக்கம் தேடிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. எனவே, சட்டைப்பையில் இருக்கும் 555 நோட்டில் நடந்தது நடந்தபடி வரி வரியாக எழுதிவிடுகிறார். கூட்டம் குறைந்ததும் அவற்றைப் பேரேட்டில் ஏற்றுகிறார்.

தரவுத்தளச் சர்வரும் ஏறக்குறைய இதையே செய்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அது அட்டவணைகளை 8 கிலோபைட் பக்கங்களாக வட்டில் வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு வரியை மாற்றினால் அந்தப் பக்கம் நினைவகத்தில் மாறுகிறது. வட்டில் உள்ள பக்கம் உடனே மாறுவதில்லை. அதற்கு முன்பே, 'இந்தப் பக்கத்தில் இந்த மாற்றம்' என்ற குறிப்பு ஒரு தனிப் பதிவேட்டின் கடைசியில் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பு வட்டில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் சர்வர் உங்களிடம் 'கமிட்', அதாவது உறுதியாயிற்று, என்று சொல்லும். வட்டில் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் நூறு பக்கங்களைத் தேடி எழுதுவதைவிட, ஒரே கோப்பின் முனையில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போவது விரைவாக முடிகிற வேலை.

இந்தப் பதிவேட்டின் ஆங்கிலப் பெயர் 'ரைட் அஹெட் லாக்'; சுருக்கமாக 'வால்'. வால் என்றாலே பின்னால் இருப்பதுதான் நமக்குத் தெரியும். இந்த வால் முன்னால் போகிறது!

இப்போது ஒரு கேள்வி. அம்மாவின் கணக்கிலிருந்து 50 ரிங்கிட் கழித்து உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். கழித்தாயிற்று, சேர்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. பணம் எங்கே? நினைவகத்தில் இருந்தது எல்லாம் அழிந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் சர்வர் முதலில் பதிவேட்டைத்தான் படிக்கும். அதில் 'கமிட்' குறிப்பு இருந்தால் கழித்தது, சேர்த்தது இரண்டையும் நிறைவேற்றிவிடும். குறிப்பு இல்லையென்றால் இரண்டுமே நடக்காததாகக் கொள்ளும். பாதிப் பணம் காற்றில் நிற்காது.

அப்படியானால், சர்வர் ஒவ்வொரு முறையும் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்தா படிக்கிறது? இல்லை. அவ்வப்போது அது நினைவகத்தில் மாறியிருக்கும் பக்கங்களையெல்லாம் வட்டில் இறக்கிவிட்டு, 'இதுவரை ஏற்றியாயிற்று' என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. கடைக்காரர் பேரேட்டில் ஏற்றிய வரிகளுக்குக் கீழே கோடு போடுவதைப் போல. இதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யும், அதுவும் அவசரமில்லாமல். எல்லாப் பக்கங்களையும் ஒரேயடியாக எழுதினால் வட்டு திணறும் என்பதால், வேலையை நேரத்தில் பரப்பிக்கொள்கிறது. இந்த நிதானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு முந்திய பழைய பதிவேட்டுக் கோப்புகள் இனிச் சர்வருக்குத் தேவையில்லை. ஒவ்வொன்றும் 16 மெகாபைட். அவற்றை அது நீக்கிவிடும், அல்லது மறுபடி பயன்படுத்திக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்கள் ஒரே சர்வரை நம்பி இருப்பதில்லை. முதன்மைச் சர்வர் தன் பதிவேட்டை இன்னொரு சர்வருக்கு இடைவிடாமல் அனுப்பும். அது அந்தக் குறிப்புகளைப் படித்து அப்படியே செய்துகொண்டே வரும். 555 நோட்டின் நகலைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி, அங்கும் ஒரு பேரேடு எழுதச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சம்பவத்துக்கு வருவோம். கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் இணையச் சேவை. 2017 ஜனவரி 31 இரவு, நம் நேரப்படி மறுநாள் காலை, அதன் தரவுத்தளத்தில் சுமை ஏறியது. இரண்டாம் சர்வர் பின்தங்கியது. அது பிடித்துவிடுவதற்குள் அதற்குத் தேவையான பதிவேட்டுக் கோப்புகளை முதன்மைச் சர்வர் நீக்கிவிட்டது. நோட்டின் நடுப்பக்கங்கள் போன பிறகு பக்கத்துக் கடை எப்படிக் கணக்கைத் தொடரும்? ஒரே வழி, இரண்டாம் சர்வரைக் காலி செய்து, முதன்மையிலிருந்து முழுத் தரவையும் மீண்டும் நகலெடுப்பதுதான்.

இரவு வேலை முடித்துக் கிளம்ப இருந்த பொறியியலாளர் ஒருவர் அதில் இறங்கினார். நகலெடுக்கும் கருவியின் பெயர் பிஜி_பேஸ்பேக்கப். முதலில் அது ஒரு பிழைச் செய்தி காட்டியது: பதிவேட்டை அனுப்பும் இணைப்புகளின் எண்ணிக்கை போதவில்லை. அந்த அமைப்பை உயர்த்தினார்கள். சர்வரை மறுபடி இயக்கியபோது இன்னொரு பிழை வந்தது. பயனர் இணைப்புகளின் உச்சவரம்பு 8000 என்று இருந்ததை 2000 ஆக்கினார்கள். அதுவும் சரியாயிற்று. பாருங்கள், பிழைச் செய்தி பேசியவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

பிறகு கருவி எதுவும் பேசவில்லை. பிழையும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. வெறும் திரை.

இலக்குக் கோப்புறையில் பழைய கோப்புகள் மிஞ்சியிருப்பதால் கருவி சிக்கிக்கொண்டது என்று அந்தப் பொறியியலாளர் ஊகித்து, கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். இரண்டாம் சர்வரில் இருப்பதாக நினைத்தார். இருந்தது முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடியில் தெரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் போய்விட்டது. மிஞ்சியது 4.5 கிகாபைட்.

உண்மையில் அந்தக் கருவி பழுதாகவே இல்லை. பிஜி_பேஸ்பேக்கப் நகலெடுக்கத் தொடங்குமுன் முதன்மைச் சர்வரில் ஒரு செக்பாயிண்ட் முடியக் காத்திருக்கும். மேலே நான் சொன்ன அந்த நிதானமான வேலைதான். முதன்மை தரவை அனுப்பத் தொடங்கும்வரை கருவி சும்மா உட்கார்ந்திருப்பது இயல்பு என்பதை இன்னொரு பொறியியலாளர் பின்னர் சொன்னார். அன்றிரவு பணியில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்களின் கையேட்டிலும் தெளிவாக இல்லை. கோடு போடப்பட்ட பிறகுதான் நகல் தொடங்க முடியும் என்பது மனத்தில் இருந்திருந்தால் அந்த மௌனத்துக்கு வேறு பொருள் கிடைத்திருக்கும். இதனால்தான் செக்பாயிண்ட் போன்ற சொற்களை விளக்கம் மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது என்கிறேன்.

சரி, காப்புப் பிரதிகள்? தினமும் தரவை எடுத்து வெளியே சேமிக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் தரவுத்தளம் 9.6 பதிப்பு, காப்பெடுக்கும் நிரலோ 9.2 பதிப்பாக இயங்கியதால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை, அவை நிராகரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு சோதனைக்காகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு நகல். அது இருந்த வட்டுகள் மெதுவானவை. திரும்ப நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. நிரல்கள் தப்பின. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தவை, சுமார் 5000 திட்டங்களின் விவரங்கள், 5000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள், திரும்பவில்லை. இவற்றையெல்லாம் வெளியே சொன்னது அந்த நிறுவனமேதான். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. நான் மதிக்கும் பண்பு இது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டை வைத்திருந்த கோப்புறையின் பழைய பெயர் பிஜி_எக்ஸ்லாக். வட்டில் இடம் போதாதபோது, 'லாக்தானே, பழைய குறிப்புதானே' என்று அதை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் உண்டு. அதனால் 2017-இல் வெளியான 10-ஆம் பதிப்பில் அதன் பெயரை பிஜி_வால் என்று மாற்றினார்கள்.

பள்ளிக் கணினிக் கூடத்தில் இதை நீங்களே பார்க்கலாம். ஆசிரியரிடம் கேட்டு, முக்கியத் தரவு எதுவும் இல்லாத கணினியில் போஸ்ட்கிரெஸை நிறுவுங்கள். ஓர் அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்துக் கமிட் செய்யுங்கள். அடுத்து 'பிகின்' கொடுத்து இரண்டாம் வரியைச் சேருங்கள், ஆனால் கமிட் செய்யாதீர்கள். இன்னொரு சாளரத்திலிருந்து சர்வரை 'இம்மீடியட்' முறையில் நிறுத்துங்கள். மின்தடைக்கு ஒப்பானது அது. மீண்டும் இயக்கியதும், சர்வரின் செய்திக் கோப்பைத் திறந்து பாருங்கள். முறையாக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது என்ற வரி இருக்கும். அதன் கீழே 'ரீடூ' என்று தொடங்கும் வரி, பதிவேட்டை எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியது என்று காட்டும். பிறகு அட்டவணையில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.