புதிய லேப்டாப் வாங்கும் முன் பழையதைத் திறந்து பாருங்கள்



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தாய் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டிலுள்ள லேப்டாப் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. ஆன்லைன் வகுப்பு நடுவில் நின்றுவிடுகிறது. புதியது வாங்க உதவி கேட்டார். கிடைக்காவிட்டால் கைவளையலை அடகு வைப்பதாகச் சொன்னார். "வட்டிக்கு வைக்க மனசில்லைண்ணே, ஆனா பிள்ளையோட படிப்பாச்சே" என்றார்.

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். உள்ளே 4 ஜிபி மெமரி இருந்தது. பக்கத்தில் இன்னொரு இடம் காலியாக இருந்தது. அதில் இன்னொரு 4 ஜிபி போட்டோம். அந்தப் பிள்ளை இன்றும் அதே லேப்டாப்பில்தான் படிக்கிறாள். வளையல் தாயின் கையில் இருக்கிறது. மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அந்த வேலையை இங்கே விளக்குகிறோம்.

மெமரி என்றால் என்ன?

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான் அறை பெரியது. அடுப்பு மேடை சிறியது. மேடையில் இடமில்லை என்றால் ஒவ்வொரு பொருளையும் எடுக்கவும் வைக்கவும் உள்ளே போய்வர வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்பது சாமான் அறை. ரேம் என்னும் மெமரி அடுப்பு மேடை. மேடை போதாதபோதுதான் கணினி டிஸ்க்குக்கும் மெமரிக்கும் இடையே அலைந்து தாமதமாகிறது.

முதலில் காரணத்தை அறியுங்கள்

மெதுவாக இயங்கும் எல்லா லேப்டாப்புக்கும் மெமரிதான் குறை என்று சொல்ல முடியாது. வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் திறந்து வைத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள்.

மெமரி 85, 90 சதவீதத்திற்கு மேலேயே நின்றால் மெமரி போதவில்லை என்று பொருள். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் மெமரி வாங்குவது வீண்செலவு. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதே பலன் தரும்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

1. இடம் இருக்கிறதா? அதே பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் ஓரிடம் காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் மெமரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதைக் கழற்ற முடியாது. தனி ஸ்லாட் இருக்கிறதா என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

2. என்ன வகை? டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. நாங்களே இதில் தவறினோம். "லேப்டாப் ரேம், 4 ஜிபி" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தோம். லேப்டாப் டிடிஆர்3 வகை, வந்தது டிடிஆர்4. அடியிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருந்ததால் உட்காரவில்லை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். நமக்கு ஒரு நடை வீண். ஆகவே உள்ளே இருக்கும் மெமரியின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் காட்டி வாங்குங்கள். டிடிஆர்3 வகையில் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் உண்டு. ஸ்டிக்கரில் 'எல்' இருந்தால் அதையே கேளுங்கள், 1.5 வோல்ட் மெமரி சிலவற்றில் வேலை செய்யாது.

3. எவ்வளவு தாங்கும்? ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அடியிலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்க்கலாம்.

4. விண்டோஸ் எத்தனை பிட்? 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டாலும் பயனில்லை. 64 பிட் விண்டோஸ் போட்ட பிறகே கூடுதல் மெமரி உதவும்.

பொருத்தும் முறை

முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் செய்தால் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். பேட்டரி உள்ளேயே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதலில் அதன் இணைப்பைப் பிரிக்க வேண்டும். அது தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

உடலிலுள்ள நிலைமின்சாரம் மெமரியைக் கெடுத்துவிடும். குழாய் போன்ற பெயின்ட் இல்லாத உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றும் திருகுகளைக் கிண்ணத்தில் போடுங்கள். மெமரியின் தங்கநிற முனைகளை விரலால் தொடாதீர்கள்.

புதிய மெமரியின் வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்திச் சாய்வாகச் செருகுங்கள். முனைகள் அநேகமாக மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் 'கிளிக்' என்று பிடிக்கும். பலவந்தம் வேண்டாம். திரை வராவிட்டால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் சரியாக உட்காராததே காரணம். மீண்டும் அணைத்து, எடுத்துச் செருகுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்புகள் பல விண்டோஸ் 11 ஏற்காதவை. அவற்றில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் இரைகிறது, போர்டு பழுது, பேட்டரி உப்பியிருக்கிறது என்றால் அதில் மேலும் பணம் போடுவதை யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்தது, குடும்பப் புகைப்படங்கள். மெமரி மாற்ற பாஸ்வேர்டு தேவையே இல்லை. கடையில் கேட்டால் கொடுக்காதீர்கள். பக்கத்திலேயே இருந்து வேலையை முடித்து வாங்கி வாருங்கள்.

நம் அலுவலகத்தில் சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று இருக்கிறது. இரவலாக எடுத்துச் செல்லலாம். நீங்கள் கழற்றிய பழைய மெமரியைத் தூக்கி எறியாமல் எங்களிடம் கொடுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.