கம்ப்யூட்டருக்குள் ஒரு விசிறி

நிட்டிங் எந்திரத்தின் மேலே ஒரு விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நூலிலிருந்து பறக்கும் பஞ்சு ஊசிகளில் அடைந்து துணி கெடாமல் காப்பதே அதன் வேலை. அதே பஞ்சு நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறது. அங்கேயும் ஒரு விசிறி உண்டு. அதன் வேகத்தை நாம் எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்பதே இக்கட்டுரை.

மாதிரி உடையைத் துணி வெட்டித் தைக்காமலே, முப்பரிமாணப் படமாகத் திரையில் காட்டும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. துணியின் மடிப்பையும் தொங்கலையும் கணக்கிட்டு வரைய நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. அண்ணன்மார் விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் அதுவே தேவை என்பதை வீட்டில் சொல்லவேண்டியதில்லை! இக்கார்டு 200 வாட் மின்சாரம் இழுத்தால், அந்த 200 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே வெளிவரும். நம் வகுப்பறை மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட்தான். இந்த வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளங்கையை விடச் சிறிய ஒரு சில்லில் பிறக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகள் அதை வாங்கிக்கொள்ள, விசிறி காற்றை வீசி வெளியேற்றுகிறது. வெப்பம் எல்லை மீறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல கார்டுகளில் அந்த எல்லை 80 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கிறது.

வீட்டுப் பழைய ரெகுலேட்டர் மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்கி விசிறியை மெதுவாக்கியது. கம்ப்யூட்டர் விசிறி அப்படியன்று. நான்கு கம்பி விசிறிக்கு வினாடிக்குச் சுமார் 25,000 முறை ‘ஓடு, நில்’ என்று சைகை போகிறது. ‘ஓடு’ என்னும் நேரம் கூடினால் வேகம் கூடும். விசிறியும் தன் வேகத்தைத் திருப்பித் தெரிவிக்கும்.

அப்படியானால் எப்போதும் முழு வேகத்தில் விட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்குதான் ஆகும்; விசிறி இழுக்கும் மின்திறனோ எட்டு மடங்காகும்; சத்தமும் சுமார் 15 டெசிபல் ஏறும். பேரிங்கும் விரைவில் தேயும். இத்தனைக்கும் கிடைக்கும் பலன், கடைசிக் கட்டத்தில், சில டிகிரிகளே. 2003-இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்னும் கார்டு அதன் விசிறிச் சத்தத்துக்காகவே உலகெங்கும் கேலிக்கு ஆளானது.

ஆகவே வெப்பத்துக்கு ஏற்ற வேகம் என்பதே சரியான வழி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருளில் ஒரு வரைபடம் உண்டு. படுக்கை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் விசிறி வேகம். நாம் கணக்கு வகுப்பில் வரைவது போன்றதே. 50 டிகிரியில் 35 சதவீதம், 65-இல் 50, 75-இல் 70, 85-இல் 100 என்று புள்ளிகளை வைத்துத் தொடங்கலாம். கோடு எங்கும் செங்குத்தாக ஏறாமல் இருக்கட்டும். ஏறினால் ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் விசிறி உறுமி உறுமி அடங்கும். இதைத் தவிர்க்க, வெப்பம் சில டிகிரி இறங்கிய பிறகே வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. இப்போதைய கார்டுகள் பலவற்றில், வேலை குறைவாக இருக்கும்போது விசிறி முழுவதும் நின்றுவிடும். அது பழுதன்று. கார்டு சூடேறியும் விசிறி நின்றபடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மென்பொருளை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்னும் டிரைவர், விசிறியைச் சரியாக ஓட்டாததால் கார்டுகள் சூடேறுவதாகப் புகார் எழுந்து திரும்பப் பெறப்பட்டது. 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் மென்பொருளிலும் விசிறி குறைந்த வேகத்திலேயே சிக்கிக்கொள்ளும் குறை இருந்தது. விரைவில் திருத்தம் வந்தது. எனவே புதிய டிரைவர் போட்ட அன்று ஒரு கடினமான வேலையைக் கொடுத்து, வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் பத்து நிமிடம் கண்ணால் பார்ப்பது நல்லது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அறையின் காற்றைத்தான் வீசமுடியும். மார்கழியில் அறை 26 டிகிரி இருக்கும்போது 68 காட்டும் கார்டு, சித்திரையில் அறை 36 ஆகும்போது, அதே வேலைக்கும் அதே விசிறி வேகத்துக்கும் சுமார் 78 காட்டும். இது பருவத்தின் குற்றம். ஆனால் அறை வெப்பமும் வேலையும் மாறாதிருக்க, மாதத்துக்கு மாதம் விசிறி வேகம் ஏறிக்கொண்டே போனால் அது பஞ்சின் குற்றம். சாதாரண மண் தூசி தகடுகளின் மேல் படியும். பருத்தி இழையோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தகடுகளின் குறுகிய இடைவெளிகளின் வாயிலை ஒரு போர்வை போல மூடிவிடும். அப்போது வரைபடத்தை இன்னும் மேலே தூக்குவது வீண். வேகமாகச் சுழலும் விசிறி இன்னும் அதிகப் பஞ்சையே உள்ளே இழுக்கும்.

சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெரியவர்களின் துணையோடு பக்கவாட்டு மூடியைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷால் பஞ்சை எடுக்கலாம். கம்பெனிகளில் எந்திரங்களை ஊதும் கம்ப்ரசர் காற்றைக் கார்டின் மேல் நேராக அடிக்கும் வழக்கம் உண்டு. அதில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கலாம். அன்றியும், காற்றால் விசிறி மிதமிஞ்சிச் சுழன்றால் பேரிங் கெடும். சுழலும் மோட்டார் டைனமோவாக மாறி மின்னழுத்தத்தைப் பலகைக்குள் திருப்பி அனுப்பவும் கூடும். சிறிய ஊதுவானைக் கொண்டு ஊதினாலும், இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும்.

பவர் டேபிள் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டரும் இருந்தால், பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்து, காற்று புகும் வாயிலுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வலை போடுவது நல்லது. ஒரு நோட்டில் தேதி, அறை வெப்பம், கார்டின் வெப்பம், விசிறி வேகம் ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறை குறித்துவரலாம். சுத்தம் செய்த பின்னும் எண்கள் இறங்கவில்லையானால், சில்லுக்கும் தகடுகளுக்கும் இடையே பூசிய வெப்பக் களிம்பு உலர்ந்திருக்கலாம். அதை மாற்றக் கார்டையே பிரிக்க வேண்டியிருப்பதால், அந்த வேலையைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடலாம்.