எச்சரிக்கையும் பொருளின் ஒரு பகுதியே

கழிவறை கழுவும் ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும், மூச்சுத் திணறும். தனித்தனியே இரண்டும் நாம் அன்றாடம் பயன்படுத்துபவைதாம். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் யார்? இந்தக் கேள்வியுடன் பாடத்தைத் தொடங்கலாம்.

சட்டம் சொல்வது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் ஆறாம் அத்தியாயம் (பிரிவுகள் 82–87) பொருள்களால் விளையும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பதை வரையறுக்கிறது. இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறையோ, தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ போதிய அளவில் இல்லாமல் தீங்கு நேர்ந்தால், உற்பத்தியாளர் பொறுப்பாவார் (பிரிவு 84). அதாவது, பழுதின்றித் தயாரித்தால் மட்டும் போதாது. அந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காத விற்பனையாளரும் பொறுப்பேற்க நேரிடலாம் (பிரிவு 86).

இதற்கு வரம்பும் உண்டு. வெளிப்படையான, எல்லோரும் அறிந்த ஆபத்தைச் சொல்லவில்லை என்று உற்பத்தியாளர்மீது பழி சுமத்த முடியாது (பிரிவு 87). கத்தி கையை வெட்டும் என்பதை எழுதித் தர வேண்டியதில்லை. மறைந்திருக்கும் ஆபத்தைத்தான் சொல்லியாக வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்கள் பாட்டில்களைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம். பெரியவர்கள் உடனிருக்க, வீட்டிலுள்ள ஒரு பொருளின் லேபிளைப் பார்த்து எழுதி வரட்டும். பின்னர் குழுவாக ஆராயட்டும்:

1. என்ன ஆபத்து என்று சொல்லப்பட்டுள்ளதா?
2. தவிர்க்கும் வழி உள்ளதா?
3. முதலுதவி குறிப்பிடப்பட்டுள்ளதா?
4. எழுத்து படிக்கும் அளவில், தெரிந்த மொழியில் உள்ளதா?

தொடக்க வகுப்புகளில் மண்டையோடு, தீச்சுடர் போன்ற ஆபத்துக் குறியீடுகளை அடையாளம் காணச் செய்தால் போதும்.

விவாதத்துக்கு

கேனில் வந்த ஆசிட்டைக் கடைக்காரர் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, லேபிள் இல்லாமல் விற்கிறார். வீட்டில் குழந்தை அதைத் தண்ணீர் என்று குடித்துவிடுகிறது. பொறுப்பு யாருடையது? கேனில் எச்சரிக்கை இருந்ததா, அது எந்த இடத்தில் அறுந்தது என்று மாணவர்கள் படிப்படியாகத் தேடட்டும். இத்தகைய நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

பாதிக்கப்பட்டவர் பாட்டில், ரசீது, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாடம் முடிந்ததும் பள்ளியின் துப்புரவுப் பொருள்கள் லேபிளுடன், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் உள்ளனவா என்று பாருங்கள்.